எலிக்கு வராத நோய்

2019-ல் ஒரு நாள் என் பக்கத்து சீட் தோழி மானிட்டரைப் பார்த்தபடியே கேட்டாள்: "டேய், உனக்கு இந்த எரர் மெசேஜ் எல்லாம் என்ன கலர்ல தெரியுது?"

சிவப்பு என்றேன். அவள் ஒரு கண்ணை மூடினாள், பிறகு மறு கண்ணை மூடினாள். இடது கண்ணுக்கு மிளகாய்ப் பழச் சிவப்பு. வலது கண்ணுக்கு அதே எழுத்து பலமுறை துவைத்து வெளுத்த துணி மாதிரி. நான் எழுந்து போய் அவள் மானிட்டரின் கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். அதுதான் நான் செய்த முதலுதவி. மறுவாரம் கண்ணாடிக் கடைக்காரர் பவரை மாற்றிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து நடக்கும்போது இடது காலில் செருப்பு கழன்று போனது அவளுக்குத் தெரியவில்லை. கால் மரத்திருந்தது. எம்ஆர்ஐ எடுத்தார்கள். மூளையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ், சுருக்கமாக எம்எஸ். நம் நரம்பு இழைகளின் மேல் வயருக்கு இன்சுலேஷன் போல மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நம் நோய் எதிர்ப்பு மண்டலம், மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும் அந்த உறையைக் கடித்துக் குதறுகிறது. கடித்த இடங்களில் தழும்பு விழுகிறது. 1868-ல் பாரிஸில் ழான் மார்ட்டின் சார்க்கோ இதைத் தனி நோயாக வரையறுத்தார். பெரும்பாலும் 20-லிருந்து 40 வயதுக்குள் வருகிறது. பெண்களுக்கு அதிகம் வருகிறது.

மருத்துவர் ரிடக்ஸிமாப் என்ற மருந்தை டிரிப்ஸாக ஏற்றச் சொன்னார். மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை அவள் படித்தாள். நிணநீர்ப் புற்றுநோய்க்கான மருந்து என்று போட்டிருந்தது. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதையே கேட்டது: இவருக்கு எங்கே கேன்சர்? அன்று இரவு எனக்கு போன் செய்தாள். "உண்மையைச் சொல்லு. எனக்குக் கேன்சர்னு எல்லாரும் மறைக்கிறீங்களா?"

இல்லை என்று சொல்ல முடிந்தது. ஏன் இந்த மருந்து என்று சொல்ல முடியவில்லை. அதற்குப் பதில் தேடிப் போனபோதுதான் ஸ்டீபன் ஹவுசர் என்ற நரம்பியல் மருத்துவரின் நாற்பது வருடக் கதை கிடைத்தது. அந்தக் கதைக்கு முன்கதை ஒன்று உண்டு. அதில் ஒரு ஓரமாக நம்ம ஊர் நாய்க்கடி ஊசியும் வருகிறது.

*

என் அப்பாவைச் சின்ன வயதில் நாய் கடித்தது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. இந்தக் கதை இல்லாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. அந்த ஊசிக்குள் என்ன இருந்தது என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. ஆட்டு மூளை இருந்தது. வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, அந்த மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று ஊசியில் ஏற்றினார்கள். 1911 வாக்கில் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய முறை இது. நமக்குக் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலிருந்து வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தியாவில் புழக்கத்தில் இருந்தது.

அதற்கு முன்பு 1885-ல் லூயி பாஸ்டர் போட்ட முதல் ஊசிகளில் முயலின் தண்டுவடம் இருந்தது. நரம்புத் திசுவில் செய்த இந்த ஊசிகளுக்கு ஒரு சாபம் உண்டு. போட்டுக்கொண்டவர்களில் மிகச் சிலருக்கு, வெறிநோய் வராமலேயே கைகால் விழுந்துவிடும். இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்தால் மயலின் உறை அங்கங்கே உரிந்திருக்கும். இது கிருமியின் வேலையா, ஊசியோடு போன மூளைத் திசுவின் வேலையா?

நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் இருந்த தாமஸ் ரிவர்ஸ் 1930-களில் இதைச் சோதித்தார். கிருமி இல்லாத சாதாரண முயல் மூளையை அரைத்துக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப, மாதக்கணக்கில் ஊசி போட்டார். சில குரங்குகள் தள்ளாடின. அவற்றின் மூளையில் மயலின் உரிந்திருந்தது. அந்நிய மூளையைப் பார்த்துப் பழகிய நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த மூளையின் மேல் பாய்ந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

பரிசோதனைக்கூடத்தில் விலங்குகளுக்கு வரவழைக்கும் இந்த நோய்க்கு ஈஏஈ என்று பெயர். அடுத்த எழுபது வருடங்களுக்கு எம்எஸ் ஆய்வின் உலகமே இதுதான். எலிக்கு எம்எஸ் வராது. ஆனால் எலிக்கு ஈஏஈ வரவழைக்கலாம். எங்கள் பாஷையில் சொன்னால் இது டெஸ்ட் என்விரான்மென்ட். புரொடக்‌ஷனில், அதாவது மனித மூளையில், நேரடியாகக் கை வைக்க முடியாது. அதன் சாயலில் ஒன்றைக் கட்டி அதில்தான் சோதிக்க முடியும். சாயல் எவ்வளவு தூரம் சரி என்பதைக் கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். இது எங்கள் ஆபீஸிலும் நடப்பதுதான்.

*

நோய் எதிர்ப்பு மண்டலத்தில் இரண்டு பெரிய படைகள். டி செல்கள் நேரில் போய்த் தாக்கும், மற்ற செல்களுக்கு உத்தரவும் போடும். பி செல்கள் ஆன்டிபாடி என்ற புரதங்களுக்கு மூலம். அந்தப் புரதங்கள் ரத்தத்தில் மிதந்து போய் எதிரியின் மேல் ஒட்டிக்கொள்ளும். எம்எஸ்ஸில் குற்றவாளி யார்?

1960-ல் பிலிப் பேட்டர்சன் ஒரு சோதனை செய்தார். ஈஏஈ தாக்கிய எலியின் நிணநீர் முடிச்சிலிருந்து செல்களை எடுத்து ஆரோக்கியமான எலிக்குள் செலுத்தினார். நோயும் கூடவே போனது. ஆன்டிபாடி மிதக்கும் சீரத்தை மட்டும் மாற்றிய சோதனைகளில் நோய் அப்படிப் போகவில்லை. டி செல், பி செல் என்ற பிரிவினை பிறகு தெளிவானபோது பழி டி செல் மேல் விழுந்தது. 1996-ல் மரபணு மாற்றிப் பி செல்லே இல்லாத எலிகளை வைத்துச் சோதித்தார்கள். அவற்றுக்கும் ஈஏஈ வந்தது. வழக்கு முடிந்த மாதிரிதான்.

இதை முட்டாள்தனம் என்று இன்று சொல்வது சுலபம். அப்படி இல்லை. சோதனைகள் நேர்மையானவை, திரும்பச் செய்தாலும் அதே முடிவு வந்தது. சிக்கல் உள்ளே கொடுத்த இன்புட்டில் இருந்தது. பல எலிச் சோதனைகளில் மயலின் புரதத்தின் சின்னத் துண்டு ஒன்றை மட்டும் கொடுத்து நோயை வரவழைத்தார்கள். முழுப் புரதம் என்றால் அதை விழுங்கி, நறுக்கி, டி செல்லுக்குக் காட்ட ஒருவர் வேண்டும். அந்த வேலையைப் பி செல்லும் செய்யும். நறுக்கியே கொடுத்துவிட்டால் பி செல்லுக்கு அங்கே வேலை குறைவு. முழுப் புரதம் கொடுத்தால் பி செல் இல்லாத எலிகளுக்கு நோய் வருவதில்லை என்று 1999-ல் ஒரு ஆய்வு காட்டியது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறையே டி செல் பக்கம் போய்விட்டது.

எதிர்த்தரப்புச் சாட்சி வெகுகாலமாக எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது. எல்வின் கபாட் என்ற வேதியியலாளர் 1940-களில் எம்எஸ் நோயாளிகளின் தண்டுவட நீரில் ஆன்டிபாடி வகைப் புரதம் அதிகம் இருப்பதைக் காட்டினார். இன்றும் நோயை உறுதி செய்ய முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பது அதன் வழிவந்த சோதனைதான். வேடிக்கை என்னவென்றால், ரிவர்ஸுக்கு மாதக்கணக்கில் பிடித்த ஈஏஈயைச் சில வாரங்களில் வரவழைக்கும் வழியைக் கண்டவர்களில் ஒருவரும் இதே கபாட்தான். அவருடைய இரண்டு கண்டுபிடிப்புகளில் ஒன்று துறையை ஆண்டது. இன்னொன்று லேப் ரிப்போர்ட்டில் ஒரு வரியாக நின்றது.

*

ஹவுசர் எழுபதுகளில் பாஸ்டனில் பயிற்சி மருத்துவர். வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த ஒரு இளம் பெண் வழக்கறிஞர் அவரிடம் நோயாளியாக வந்தார். வயது இருபதுகளில். எம்எஸ் அவரை மெதுவாக அரிக்கவில்லை, வெடித்தது. பேச்சு போனது, விழுங்க முடியவில்லை, மூச்சுக்கும் இயந்திரம் வேண்டியிருந்தது. கொடுக்க மருந்து எதுவும் இல்லை. அந்தப் படுக்கையருகில்தான் தன் வாழ்நாள் வேலையைத் தேர்ந்தெடுத்ததாக ஹவுசர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

தொடக்கத்தில் அவரும் ஊரோடு ஒத்துத்தான் போனார். 1983-ல் அவரும் ஹோவர்ட் வைனரும் சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோதெரபி மருந்தால் மொத்த எதிர்ப்பு மண்டலத்தையும் அடக்கிப் பார்த்தார்கள். எம்எஸ் தழும்புகளில் எந்தெந்த டி செல்கள் இருக்கின்றன என்றும் எண்ணிப் பார்த்தார். ஆனால் ஒரு விஷயம் அவரை உறுத்தியது. எலியின் ஈஏஈயையும் மனிதத் தழும்பையும் மைக்ரோஸ்கோப்பில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றாக இல்லை. எலியில் வீக்கம் நிறைய, மயலின் இழப்பு கொஞ்சம். மனிதரில் மயலின் உரிவதுதான் நோயே.

அவர் எலியை விட்டுவிட்டு மர்மோசெட்டுக்குப் போனார். பிரேசில் காடுகளில் வாழும், அணிலைவிடச் சற்றுப் பெரிய குரங்கு. பெரும்பாலும் இரட்டையாகப் பிறக்கும். கருவிலேயே இரண்டின் ரத்தமும் கலந்துவிடுவதால் ஒன்றின் டி செல்லை மற்றதன் உடல் அந்நியமாகப் பார்க்காது. ஒரு குரங்கிடமிருந்து எடுத்துச் சகோதரக் குரங்குக்குக் கொடுக்கலாம். இப்படியொரு வசதி வேறு எங்கே கிடைக்கும்?

லூக்கா மசாசேசி, குளோட் ஜெனைன் ஆகியோரோடு சேர்ந்து தொண்ணூறுகளில் செய்த சோதனைகளின் சாரம் இதுதான். டி செல்லை மட்டும் மாற்றினால் மூளையில் வீக்கம் வந்தது, மயலின் அவ்வளவாக உரியவில்லை. கூடவே மயலினைத் தாக்கும் ஆன்டிபாடியையும் கொடுத்தபோது, மனித எம்எஸ் போலவே மயலின் உரிந்தது. 1999-ல் ஜெனைன், ஹவுசர், நோய்க்கூறியல் நிபுணர் செட்ரிக் ரெய்ன் ஆகியோர், மனித எம்எஸ் தழும்புகளிலும் மயலின் சிதையும் இடத்தில் ஆன்டிபாடிகள் ஒட்டியிருப்பதைக் காட்டினார்கள்.

இன்னொரு பக்கம் டெஸ்டில் பாஸான மருந்துகள் புரொடக்‌ஷனில் விழுந்துகொண்டிருந்தன. டி செல்களில் ஒரு பிரிவை ஒழிக்கும் ஆன்டிபாடி 1997-ல் எம்எஸ் நோயாளிகளிடம் பலிக்கவில்லை. டிஎன்எஃப் என்ற வீக்கப் புரதத்தைத் தடுத்தால் விலங்குகளின் ஈஏஈ தணிந்தது. அதே வழியில் செய்த லெனெர்செப்ட்டை 168 பேரிடம் சோதித்தார்கள். 1999-ல் வெளிவந்த முடிவு, மருந்து வாங்கியவர்களுக்கு நோய்த் தாக்குதல்கள் கூடிவிட்டன என்றது. கூடிய ஒவ்வொரு தாக்குதலும் ஒருவருடைய கண், ஒருவருடைய கால்.

*

ஹவுசரின் வாதம் எளிமையானது. ஆன்டிபாடிதான் மயலினை உரிக்கிறது. ஆன்டிபாடிக்கு மூலம் பி செல். பி செல்லை ஒழித்தால் நோய் குறைய வேண்டும். அதற்கு மருந்து கடையிலேயே இருந்தது. பி செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிடி20 என்ற அடையாளத்தைப் பிடித்து அந்தச் செல்லைக் கொல்லும் ரிடக்ஸிமாப், பி செல் புற்றுநோய்க்காக 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்தது.

மனிதரில் சோதிக்க அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார நிறுவனத்திடம் நிதி கேட்டார். உயிரியல்படி நம்பும்படியாக இல்லை என்று மறுத்துவிட்டார்கள். பிறகு ஜெனன்டெக் நிறுவனத்தைப் பிடித்தார். அவர்களுக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. சின்னதாக ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள்.

அதுதான் ஹெர்மஸ் சோதனை. 104 நோயாளிகள். 69 பேருக்கு ரிடக்ஸிமாப், 35 பேருக்கு வெறும் நீர். இரண்டு வார இடைவெளியில் இரண்டே டோஸ். எம்ஆர்ஐயில் புதிதாக எரியும் புண்களை எண்ணுவதுதான் கணக்கு. கெடு 24 வாரம். இந்தக் கெடு ஹவுசரின் கொள்கைக்கே பாதகமானது. ரத்தத்தில் ஏற்கெனவே மிதக்கும் ஆன்டிபாடிகள் கரைய மாதக்கணக்காகும். அதோடு ஆன்டிபாடியைத் தயாரித்துக் கொட்டுவது பி செல்லிலிருந்து முதிர்ந்து வரும் பிளாஸ்மா செல். அதன் மேல் சிடி20 கிடையாது. மருந்து அதைத் தொடாது. ஆகவே பலன் தெரிந்தாலும் மெதுவாகத்தான் தெரியும் என்று எதிர்பார்த்தார்கள்.

2008 பிப்ரவரியில் முடிவு வெளியானது. வெறும் நீர் ஏற்றியவர்களுக்குச் சராசரியாக 5.5 புண்கள். மருந்து ஏற்றியவர்களுக்கு 0.5. அதாவது 91 சதவீதம் குறைவு. 24 வாரத்துக்குள் நோய் திரும்பத் தாக்கியவர்கள் ஒரு பக்கம் 34.3 சதவீதம், மறுபக்கம் 14.5. பன்னிரண்டாவது வார ஸ்கேனிலேயே வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பலன் இவ்வளவு வேகமாக வந்திருக்கக் கூடாது. பி செல்கள் போயிருந்தன. ஆன்டிபாடிகளின் அளவு பெரிதாக மாறவில்லை. தண்டுவட நீரில் கபாட் கண்ட அந்தப் புரதமும் அப்படியேதான் இருந்தது. அப்படியென்றால் மருந்து வேலை செய்த காரணம் ஆன்டிபாடி இல்லை. பி செல் வேறு ஏதோ செய்துகொண்டிருந்திருக்கிறது. மயலின் துண்டை டி செல்லுக்குக் காட்டுவது, வீக்கத்தைக் கிளப்பும் ரசாயனங்களைச் சுரப்பது போன்ற வேலைகள். டி செல் குற்றமற்றதல்ல, ஆனால் அதன் காதில் ஓதிக்கொண்டிருந்தது பி செல்.

எதிர்த்தவர்கள் பி செல் விஷயத்தில் தவறினார்கள். ஹவுசர் பி செல் எப்படிக் கெடுதல் செய்கிறது என்பதில் தவறினார். நிதிக் குழு எதை நம்ப முடியாது என்று தள்ளியதோ, அந்த விளக்கம் உண்மையிலேயே முழுதாகச் சரியில்லை. ஆனாலும் சோதனை நடந்திருக்க வேண்டியதுதான். நாங்கள் பக் தேடும்போது இது அடிக்கடி நடக்கும். இந்த வரிதான் காரணம் என்று நினைத்து ஒரு மாட்யூலை நிறுத்துவோம், பிரச்சினை போய்விடும், ஆனால் காரணம் வேறு வரியாக இருக்கும். விளக்கம் முழுதாகப் பொருந்திய பிறகுதான் கை வைப்பேன் என்று இருந்தால் எதுவுமே நடக்காது. ஹவுசரை எனக்குப் பிடித்ததே இதற்காகத்தான். தன் தவறை மறைக்காமல், இந்தத் திருப்பத்தையே கதையின் மையமாக வைத்து அவர் எழுதியிருக்கிறார்.

*

அடுத்த கட்டத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். ரிடக்ஸிமாப்பின் காப்புரிமைக் காலம் குறைந்துகொண்டிருந்தது. அதே சிடி20-ஐப் பிடிக்கும், மனிதப் புரதத்துக்கு நெருக்கமாக வடிவமைத்த ஓக்ரிலிசுமாப்பை நிறுவனம் முன்னெடுத்தது. 1,656 பேரிடம் நடந்த இரண்டு சோதனைகளில், அப்போது வழக்கத்தில் இருந்த இன்டர்பெரான் ஊசியைவிட நோய்த் தாக்குதல் 46, 47 சதவீதம் குறைந்தது. தாக்குதல், தணிவு என்று இல்லாமல் முதலிலிருந்தே இறங்குமுகமாகப் போகும் வகைக்கு அதுவரை அனுமதி பெற்ற மருந்தே கிடையாது. அந்த வகையினர் 732 பேரிடம் நடந்த சோதனையில், உறுதியான முடக்கம் கூடியவர்கள் 39.3 சதவீதத்திலிருந்து 32.9 ஆகக் குறைந்தார்கள். வெற்றிதான், சின்ன வெற்றி. மூளைக்குள் மெதுவாக நடக்கும் சிதைவை இன்னும் யாராலும் நிறுத்த முடியவில்லை. பி செல் இல்லாத உடம்புக்கு நோய்த்தொற்று சுலபமாக வரும், தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காது. அந்த விலையும் உண்டு.

2017 மார்ச் 28 அன்று அமெரிக்காவில் ஓக்ரிலிசுமாப்புக்கு அனுமதி கிடைத்தது. அறிவித்த விலை வருடத்துக்கு 65,000 டாலர்.

அந்த விலைக்கு இந்தியாவில் யார் போவது? இங்கே கதை வேறு வழியில் போனது. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் 2007-லேயே ரிடக்ஸிமாப்பின் நகல் மருந்தைப் புற்றுநோய்க்காக விற்கத் தொடங்கியிருந்தது. ஹெர்மஸ் முடிவு உலகுக்கே தெரிந்தது. கம்பெனி கைவிட்டாலும் மருத்துவர்கள் அந்தப் பழைய மருந்தைக் கைவிடவில்லை. ஸ்வீடனிலும் அதையே பெருமளவில் எம்எஸ்ஸுக்குக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளில் மட்டும் எம்எஸ் கிடையாது. நிறுவனம் அதற்கு அனுமதி கேட்கவே இல்லையே! என் தோழி இரவில் அழுதது இந்தத் தாளைப் பார்த்துத்தான். 2023 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முதல்முறையாக எம்எஸ் மருந்துகளைச் சேர்த்தது. மூன்றில் ஒன்று ரிடக்ஸிமாப்.

பி செல்லின் கதை இன்னும் முடியவில்லை. 2022-ல் ஆல்பர்ட்டோ அஷேரியோவின் ஹார்வர்டு குழு, அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிக்கும் அதிகமானவர்களின் பதிவுகளை வைத்து, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்எஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதைக் காட்டியது. அந்த வைரஸ் வாழ்நாள் முழுக்கப் பதுங்கியிருக்கும் இடம் பி செல். அது பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குள்ளும் இருக்கிறது. நோய் சிலருக்கு மட்டும் ஏன் என்பது திறந்த கேள்வி. 2025-ல் பிரேக்த்ரூ பரிசை ஹவுசரும் அஷேரியோவும் பகிர்ந்துகொண்டார்கள்.

*

என் தோழி ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலையில் லேப்டாப்போடு ஆஸ்பத்திரிக்குப் போவாள். ஒரு கையில் டிரிப்ஸ் ஏறும், மறு கையால் டைப் அடிப்பாள். ஐந்து வருடமாகப் புதுப் புள்ளி எதுவும் இல்லை. கால் சரியாகிவிட்டது. வலது கண்ணின் சிவப்பு முழுதாகத் திரும்பவில்லை. எரர் மெசேஜுக்கு ஆரஞ்சு வைத்துக்கொண்டாள்.

போன முறை நான் துணைக்குப் போயிருந்தேன். டிரிப்ஸ் சொட்டிக்கொண்டிருக்கும்போது மர்மோசெட், நிதி மறுப்பு, ஹெர்மஸ் என்று இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இது எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சவருக்கே தெரியாது, அப்படித்தானே?"

"அப்போ தெரியாது. இப்போ பாதி தெரியும்."

"நீ கேபிளைப் பிடுங்கிச் செருகின மாதிரி."

"நான் செருகி ஒண்ணும் சரியாகலையே" என்றேன். அவள் சிரித்தாள். நர்ஸ் வந்து சொட்டின் வேகத்தைக் கூட்டிவிட்டுப் போனார்.